இரண்டு நிறுத்து

இயந்திரத்துக்குப் புது அப்டேட் வருகிறது என்றாலே கட்டுப்பாட்டறைப் பொறியாளர் முதலில் பழையதை ஒரு நகல் எடுத்து வைப்பாள். மேலாளருக்கோ புதுமாப்பிள்ளைக் களை வந்துவிடும். கண்விழித்துச் சரிசெய்வது அவள்தானே, அவருக்கென்ன?

அன்றைக்கு முதலாளி பார்வையிட வருகிறார். அவர் கண் குளிர, சோப்புத்தூள் மூட்டை கட்டும் இயந்திரத்தின் திரை முழுக்கத் தமிழில் இருக்க வேண்டுமாம். தலைமை அலுவலகத்துப் புண்ணியவான்கள் ஆங்கிலச் சொற்களையெல்லாம் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார்கள். அந்த இயந்திரத்தை அவர்கள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"சார், ஓரமா கிடக்கற பழைய மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம்," என்றாள்.

"எல்லாம் மேல டெஸ்ட் பண்ணியாச்சும்மா. நீ ஏத்து. முடிச்சிட்டுத் தாராளமா கல்யாணத்துக்குக் கிளம்பு."

தாராளமாம். கல்யாணம் அவளுடைய தங்கைக்கு. பதிவு அலுவலகம் மூடுவதற்குள் நடக்க வேண்டும். பெற்றோர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டோம் என்றுவிட்டார்கள். "நம்ம பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட நீ ஒருத்திதான்க்கா இருக்க," என்று காலையில் சொன்ன தங்கை அழுகையை விழுங்கியது ஃபோனிலேயே கேட்டது. அதைத் தவறவிட்டால் ஆயுசுக்கும் மனசு ஆறாது.

அப்டேட் ஏறியது. திரை பச்சை எழுத்தில் 'வெற்றி' என்றது. பச்சைப் பொய் என்று பிறகுதான் தெரிந்தது.

முதலாளி வந்து நின்ற நேரம் பார்த்து ஒரு மூட்டை கிழிந்தது. இயந்திரத்தை ஓட்டும் அக்கா திரையைப் பார்த்துத் திருதிருவென விழித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் 'நிறுத்து'. ஒன்று ஓட்டத்தை நிறுத்த, இன்னொன்று மூட்டையை நிறுத்து எடை பார்க்க. அகராதிப்படி ஒரு குற்றமும் இல்லை.

அக்கா ஒன்றை அழுத்தினார். இயந்திரம் கிழிந்த மூட்டையைப் பொறுப்பாக எடை போட்டது. குறைகிறதே என்று இன்னும் கொஞ்சம் தூளைக் கொட்டியது.

"நிறுத்து! நிறுத்து!" என்று மேலாளர் கத்தினார்.

"அதைத்தான் சார் நிறுத்திக்கிட்டே இருக்கேன்!" என்று அக்கா பதற்றத்தில் அதே பொத்தானைக் குத்தினார்.

அவசரத்துக்கென்று சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதன்மேல்தான் மேலாளர் வரவேற்பு பேனரைக் கட்டியிருந்தார். பொறியாளர் ஓடிப்போய், பேனரில் சிரித்துக்கொண்டிருந்த முதலாளியின் பல்வரிசையைக் கிழித்துக் கையை விட்டு அழுத்தினாள். எல்லாம் அடங்கியது. தலை முதல் கால் வரை தூளில் வெளுத்துப்போன முதலாளி தும்மிக்கொண்டே காரேறினார்.

"பழையபடி ஆக்கிட்டுத்தான் நீ வெளிய போகணும்," என்றார் மேலாளர்.

பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதற்குள் இருட்டிவிடும். இரண்டு துண்டுக் காகிதத்தில் 'எடை', 'நில்' என்று எழுதிப் பொத்தான்களின் கீழே ஒட்டினாள். பையை எடுத்தாள்.

"இன்னிக்கு இது தாங்கும் சார். மீதியை நாளைக்குப் பாக்கறேன்."

"இப்பப் போனா வேலையை விட்டே நிறுத்திடுவேன்!"

"யார் பக்கம் தப்புன்னு முதல்ல எடை போட்டுப் பாருங்க சார். அப்புறம் நிறுத்துங்க."

அக்கா குனிந்து சிரித்தார். பேச்சுதான் வீராப்பு, மேலாளர் அடுத்த வாய் திறப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டி ஓடியிருந்தாள்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் மேஜையைப் பூட்டப்போன நேரத்தில் போய் நின்றாள். "என்னக்கா, மாவுல விழுந்தியா?" என்ற தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு தும்மலுக்கு நடுவே அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைந்திருந்தது.

ஃபோன் அதிர்ந்தது. மேலாளரின் செய்தி. 'திரைல வெற்றின்னு வந்ததைப் பாத்துத் தலைமை அலுவலகத்துல ரொம்ப சந்தோஷம். அப்டேட் வெற்றின்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, எல்லா ஆலைக்கும் அனுப்பிடுவாங்களாம். உன் வேலைக்கு நான் பொறுப்பு.'

ஒரே சொல்லில் பதில் அனுப்பினாள்: 'நிறுத்து.'

எந்த நிறுத்து என்பதை அவரே அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.