பட்டையா பிராக்கெட்டா

அக்கா வீட்டுப் படுக்கையறைச் சுவரை வெளிப்பக்கமிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்றாவது மாடி உயரத்தில் சாரத்துப் பலகை மேல் நின்றிருந்தேன். உள்பக்கம் எத்தனையோ முறை அதைத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். பூஞ்சைக் கறுப்பு போகும், பிறகு கூரை மூலையிலிருந்து சாவகாசமாக மறுபடி இறங்கி வரும். வெளியே அதே சுவர் ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. அடப்பாவி, எங்கள் அக்காவின் நெஞ்சைப் பாதி தின்றது நீதானே என்று கேட்கத் தோன்றியது. பக்கத்தில் ஆள் இருந்ததால் கேட்கவில்லை.

நான் வேலை பார்ப்பது பழைய கட்டடங்களுக்கு வெளிச்சுவர் போர்த்துகிற கம்பெனியில். வரைபடம் போடுவது என் வேலை. சுவர் முழுக்க இன்சுலேஷன் பலகை ஒட்டி, அதன் மேல் மழைக்குத் தகடு மாட்டுவோம். மனுஷனுக்கு ஸ்வெட்டர் போட்டு, அதுக்கு மேல் மழைக்கோட்டு மாட்டுகிற கதைதான். ஆனால் தகட்டின் பாரத்தைப் பலகை தாங்காது. சுவரில் பிடித்த இரும்பு ஏதாவது பலகையைத் தாண்டி வெளியே வந்து தகட்டைத் தாங்க வேண்டும். சனியன், அந்த இரும்பில்தான் எல்லாம் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை நீளப் பட்டையாக வைத்தால் வேலை சுலபம். ஆனால் பட்டை போகிற வழியெல்லாம் குளிர் உள்ளே இறங்கும், அந்தந்த இடத்தில் சுவர் கோடு கோடாக வியர்க்கும். வியர்த்த இடத்தில் பூஞ்சை வரும். பட்டைக்குப் பதில் தள்ளித் தள்ளிச் சின்ன பிராக்கெட்டுகள், அடியில் குளிர் கடத்தாத ஒரு கட்டை என்று வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்.

அக்கா இன்னொரு குளிர்காலம் இந்த அறையில் இருந்தால் நான் எதற்கும் பொறுப்பில்லை என்று டாக்டர் கைகழுவிவிட்டார். வேறு வீட்டுக்குப் போகலாமே என்று சொல்லாத ஆளில்லை. வேறு வீடு என்ன மரத்திலா காய்க்கிறது? என் வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள், குழந்தைகள் என்று கால் நீட்ட இடமில்லை. அந்த நேரத்தில்தான் அக்கா குடியிருக்கும் கட்டடத்தைப் போர்த்துகிற வேலை எங்கள் கம்பெனிக்கே வந்தது. முதலாளியிடம் பிராக்கெட் வேண்டும் என்று மல்லுக்கட்டினேன். "உங்க அக்கா வீடுங்கறதாலதானே இந்தக் குதி குதிக்கற" என்றார். ஆமாம் என்றேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது. "சரி, சுவர் தாங்குச்சுன்னா போட்டுக்கோ" என்று விட்டுவிட்டார். நான் அன்றைக்கே அக்காவிடம் போய், இந்தக் குளிர்காலம் நீ நன்றாகத் தூங்குவாய் என்று சொல்லிவிட்டேன். சுவரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

சுவரைக் கேட்பதற்குத்தான் இழுப்புச் சோதனை. ஓட்டை போட்டு, ஆங்கர் என்கிற தடித்த போல்ட்டை இறக்கி, கருவியால் பிடித்து வெளியே இழுப்பார்கள். பட்டை என்றால் பாரம் நிறைய ஸ்குரூக்களுக்குப் பிரிந்துபோகும், ஒவ்வொன்றும் சுமாராகப் பிடித்தால் போதும். பிராக்கெட்டில் பாரம் மொத்தமும் ஒன்றிரண்டு ஆங்கரில் தொங்கும். அது கல் மாதிரி நிற்க வேண்டும். சோதனைக்கு வந்த ஃபிட்டருக்குக் கம்பெனியில் 'அவசரம்' என்று பெயர். அவர் ஒரு ஸ்குரூ முடுக்குவதற்குள் நாம் வாங்கி வைத்த டீ ஆறிவிடும். ஆனால் அவர் முடுக்கியது எதுவும் இதுவரை கழன்றதில்லை.

டிரில் உள்ளே போன வேகம் எனக்கே பிடிக்கவில்லை. ஈரமான செம்மண் மாதிரி தூள் வந்தது. இழுத்ததும், பழுத்த பழத்திலிருந்து கொட்டை வருவது போல ஆங்கர் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. தள்ளி ஒரு இடம், அதற்கும் தள்ளி இன்னொரு இடம், எல்லாம் அதே கதை. பசை ஊற்றி நட்டுப் பார்த்தோம். ஊற்றிய பசை செங்கல் வெடிப்புகளுக்குள் போய் எங்கே ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

பக்கத்து ஜன்னல் திறந்தது. "என்னடி, புடிச்சுக்கிச்சா?" என்று அக்கா தலையை நீட்டினாள். கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"பாத்துட்டே இருக்கோம்க்கா. ஜன்னலைச் சாத்து, குளிரு."

அவள் சாத்திய பிறகும் அவசரம் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலைக்கு மேலே தளத்தின் விளிம்பைக் காட்டினார். "அது கான்கிரீட்டும்மா. அங்க போட்டா யானையக் கட்டி இழுத்தாலும் வராது. செங்கல்ல போட்டதுன்னு எழுதிக்குவோம். யாரு வந்து பாக்கப் போறா?"

தளத்துக்குத் தளம் கான்கிரீட்டில் மட்டும் பிடித்தால் என்ன என்று நான் முன்பே கணக்குப் போட்டுப் பார்த்ததுதான். அவ்வளவு நீளத்துக்கு நடுவில் பிடிப்பில்லாமல் காற்று தாங்காது. அவர் சொல்வது அது இல்லை. சோதனையை மட்டும் அங்கே செய்துவிட்டு, பிராக்கெட்டையெல்லாம் இந்தப் பொல்லாத செங்கலில் மாட்டுவது. சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம் என்ற வார்த்தை எனக்கு உடனே வரவில்லை. கீழே பார்த்தேன். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு யாரிடமோ போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் சீக்கிரம் அங்கிருந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது. போகவில்லை.

"வேணாம்ணே" என்றேன்.

"மனசு கேக்காது, இல்ல?"

"மனசெல்லாம் கேட்டுடுச்சுண்ணே. ஆனா தகடு கழண்டு விழுந்தா, கீழ நிக்கறவளுக்கும் ஒரு தங்கச்சி இருப்பால்ல."

அவர் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். முதலாளிக்குப் போன் செய்தேன். "அப்ப பட்டைதான்" என்றார். பட்டைக்கு அடியில் ரப்பராவது வைக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக வை என்றார். ரப்பர் வைத்தால் கோடு கொஞ்சம் மெலியும். இல்லாமல் போகாது, அது அவருக்கும் தெரியும்.

உள்ளே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று பயந்துகொண்டுதான் போனேன். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "ஒண்ணுமே செய்யாம விடறதுக்கு இது தேவலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"தேவலைதான்க்கா. இப்ப மாதிரி சுவர் முழுக்க வராது. கோடு கோடா வரும்."

"அந்தக் கோடு எங்கெங்க வரும்னு இப்பவே சொல்ல முடியுமா?"

சொல்ல முடியும். வரைந்ததே நான்தானே. ஜன்னல் விளிம்பிலிருந்து டேப் பிடித்து, பென்சிலால் கூரையிலிருந்து தரைவரை ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு கோடு இழுத்தேன். அவள் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒரு கோடு கட்டிலுக்கு நேராக வந்தது. எதிர்ச்சுவரில் கதவு, அந்தப் பக்கம் போடவும் வழியில்லை. எங்கே படுத்தால்தான் என்ன, பூஞ்சை காற்றோடு அறை முழுக்கத்தான் பரவும். அதை நான் சொல்லவில்லை.

"கட்டில் எதுக்கு? நான் என்ன அவ்ளோ குண்டா?" என்று சிரித்துக்கொண்டே, இரண்டு கோடுகளுக்கு நடுவில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். "இப்ப பாரு. தொடுதா?"

இடது தோள் கோட்டைத் தாண்டியிருந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கைகளால் முழங்காலைக் கட்டி, தோள்களை உள்ளே ஒடுக்கினாள்.