பதினான்காவது பழுது

மழை விட்டு ஒரு மணி நேரத்தில் பூங்கா மண்டபத்தின் திறந்த மேடை முழுக்கக் காய்ந்துவிடும். ஒரு மூலையில் இரண்டு சின்னப் பாதங்கள் மட்டும் ஈரமாகவே இருக்கும். அவை என் அண்ணன் கேசவனுடையவை.

1974-ல் அந்த மேடைக்குக் கான்கிரீட் போட்டபோது அப்பா அங்கே ஓவர்சியர். ஒருநாள் ஐந்து வயதுப் பிள்ளையையும் கூட்டிப்போனார். அவன் ஈரத் தரையில் இறங்கி நின்றுவிட்டான். அடுத்த வாரமே மழையில் நனைந்து, காய்ச்சல் கண்டு போயும்விட்டான். தடத்தைப் பூசி மறைக்க மேஸ்திரி வந்தபோது அப்பா விடவில்லை.

நான் பிறந்தது இரண்டு வருஷம் கழித்து. மழை விட்டால் போதும், அம்மா என்னை இழுத்துக்கொண்டு வலியசாலை வீட்டிலிருந்து கிளம்பிவிடுவாள். குனிந்து, அந்தக் குழிகளில் தேங்கிய தண்ணீரை முந்தானையால் ஒற்றி எடுப்பாள். "கால் ஈரமா நிக்கறானேடீ" என்பாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம்; என் காலை அவள் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அந்த மூலைக்கு நான் தனியாகப் போவதில்லை.

போன வருஷம் மண்டபத்தை இடித்து கார் பார்க்கிங் கட்டப் பேச்சு வந்தது. அறிக்கை எழுத வேண்டிய இன்ஜினியர் நான்தான். பூசாத கான்கிரீட்டில் வார்ப்புப் பலகையின் ரேகை தெரிந்தால் 'வேலை முடியாத கட்டடம்' என்று சொல்கிற ஆபீஸ் எங்களுடையது. அந்த மண்டபமும் அப்படிப் பூசாததுதான். அங்கிருந்த மேட்டை வெட்டாமல் சரிவோடு படிகளை இறக்கியதையும், ஒரு மழைமரத்துக்காகக் கூரையில் வட்டமாக வழி விட்டதையும் விடாமல் எழுதினேன். இடிக்கக் கூடாதென்று ஒற்றைக் காலில் நின்றேன். மண்டபம் தப்பியது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

அறிக்கையோடு பழுதுப் பட்டியலும் கொடுக்க வேண்டும். பாதங்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கலாம். 'சொந்த விஷயத்துக்காகத்தான் மேடம் இந்தப் பாடு பட்டாங்க' என்று சிரிப்பார்களே என்று கூச்சம். விட்டுவிட்டால் மறைத்ததாக ஆகும். பதினான்காவது வரியில், 'தரையில் குழிவு, இரண்டு' என்று எழுதினேன். மேலே 'சரிசெய்ய வேண்டியவை' என்று தலைப்பு. கீழே என் கையெழுத்து.

பழுது பார்க்கிற வேலை நடந்த நாட்களில் பயிற்சிக்காகக் கொச்சியில் இருந்தேன். திரும்பிய அன்று கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மஹேஷ் போன் செய்தார். நாகர்கோவில்காரர், நல்ல வேலைக்காரர்.

"லிஸ்ட்ல உள்ளது எல்லாம் ஓகே ஆக்கியாச்சு மேடம். ஒண்ணுகூட விடல, கேட்டியளா? அந்த ரெண்டு குழியும் தண்ணி இறங்காத கலவை போட்டு அடைச்சாச்சு."

என்ன சொல்லி அவரைத் திட்டுவது?

இரண்டாம் நாள் மழை வந்தது. விட்டதும் எண்பது வயது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"முட்டு வலின்னு சொன்னியே. இன்னிக்கு வேண்டாம்மா."

"அவன் அங்க நிப்பான். நீ வரயா, நான் ஆட்டோ பிடிச்சுக்கட்டுமா?"

நாங்கள் போனபோது மேடை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. மூலையில் மட்டும் இரண்டு சின்னப் பாதங்கள், வெளுத்து, காய்ந்து தெரிந்தன. மஹேஷ் குழியின் விளிம்பு பிசகாமல் அடைத்திருந்தார். புதுக் கலவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டவில்லை. மழைமரம் எங்கள் பின்னால் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ நடந்து போகிற சத்தம் மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தான்மா எழுதிக் கொடுத்தேன். என் தப்பு."

அம்மா காதில் வாங்கவில்லை. மெல்ல உட்கார்ந்து உள்ளங்கையால் தடவினாள்.

"காஞ்சிருக்குடீ!" என்றாள். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. ஐம்பது வருஷமாக அவள் வேண்டிக்கொண்டது அதுதானே. அப்புறம் கையில் பிடித்திருந்த முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்மா, கால் காஞ்சாச்சுன்னா, இனி அவனுக்கு நான் எதுக்குடீ?"