எனக்கு மட்டும் நீக்கு

என் மனைவி தன் தங்கைக்கு அனுப்ப நினைத்த வாய்ஸ் மெசேஜ் குடும்ப குரூப்பில் போய் விழுந்தது. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. முழுக்க முழுக்க அவளுடைய அண்ணியைப் பற்றி.

"அம்மாவுக்கு வேளாவேளைக்குச் சோறு போடறதில்லடி. ஏதோ கடனேன்னு வெச்சிருக்கா. எங்கிட்ட இருந்தா உள்ளங்கைல வெச்சுத் தாங்குவேன்."

அனுப்பிய கையோடு பார்த்துவிட்டாள். பதறியடித்து அழித்தாள். அந்தப் பதற்றத்தில் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதற்குப் பதில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அழுத்திவிட்டாள். அவள் போனில் போய்விட்டது. மற்ற பதினோரு போன்களில் குத்துக்கல்லாட்டம் இருந்தது. மச்சான், அண்ணி, மாமியார், நான் எல்லாம் அந்தப் பதினோரு பேரில் அடக்கம்.

"நல்லவேளைங்க, யாரும் கேக்கறதுக்குள்ள எடுத்துட்டேன்," என்றாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் பயமில்லாமல் இறங்குவேன். இவளிடம் உண்மையைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. "அப்பாடா," என்றேன். கோழை என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

குரூப் கப்சிப்பென்று ஆனது. விடிந்தால் பூப்படம் போடும் சித்தப்பாகூடப் போடவில்லை. எல்லாருக்கும் என்ன வேலையோ என்று இவளே ஒரு பூப்படம் போட்டாள். ஒருவரும் கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. அண்ணிக்குத் தனியாக 'சாப்ட்டீங்களா' என்று அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

ஞாயிறு காலை காலிங்பெல் அடித்தது. வாசலில் மச்சான், கையில் இரண்டு பெட்டி. பக்கத்தில் அண்ணி. பின்னால் மாமியார், புதுப் புடவையில்.

அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மாத்திரை டப்பாவை இவளிடம் நீட்டினார்.

"காலைல ஒண்ணு, ராத்திரி ரெண்டு. வெந்நீர்தான் குடிப்பாங்க."

"என்ன அண்ணி, திடீர்னு?"

"நாங்க அனுப்பல. ஒரு வாரமா நீ பேசினதப் போட்டுப் போட்டுக் கேட்டாங்க. இன்னிக்குக் கிளம்பியே ஆகணும்னு நின்னுட்டாங்க."

எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. இரண்டு பேரும் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகளின் கன்னத்தைத் தடவினார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு ஆசைய மனசுல வெச்சுக்கிட்டு ஏண்டி நேர்ல ஒரு வார்த்தை சொல்லல? சரி, எனக்கு எந்த ரூம்?"