கரையைப் பார்த்து வைக்கவும்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மன்னாரிலிருந்து போன் வந்தபோது ஜெபசெல்வி தூத்துக்குடி மில்லர்புரம் பட்டறையில் பன்னிரண்டாவது பெட்டிக்குக் கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பசை. வெல்டர் பவுல்தான் தன் முழங்கையால் போனை அமுக்கி ஸ்பீக்கரில் போட்டான்.

“செல்வி அக்கா, ஹவ்வா கதைச்சவ. நாலு பெட்டியில மூண்டு சரியில்லையாம். மீன் பூஞ்சணம் பிடிக்குதாம்.”

பேசியது அல்போன்சா. இலங்கையின் மன்னார்க்காரி, பதினோரு வருஷம் மாலேயில் வேலை பார்த்துத் திரும்பியவள். மாலத்தீவுப் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பெட்டி என்பது மீன் காயவைக்கும் கண்ணாடிப் பெட்டி. திட்டக் காகிதத்தில் ‘சூரிய உலர்த்தி’ என்று இருக்கும். அப்படிச் சொன்னால் கடற்கரை ஊரான வேம்பாரில் யாருக்கும் தெரியாது. மேலே கண்ணாடி, உள்ளே வலைத்தட்டுகள், ஒரு பக்கம் தாழ்வாகக் காற்று நுழையும் வாய், மறுபக்கம் உயரமாக ஒரு குழாய். வாய் வழியாகப் புகும் காற்று, வெயிலில் சூடேறி, மீனின் ஈரத்தை அள்ளிக்கொண்டு குழாய் வழியாக வெளியேறிவிடும். வேம்பார்ப் பெண்கள் இரண்டு வருஷமாக மண்ணும் ஈயும் படாத கருவாடு போடுவது இதில்தான்.

இதைக் கேள்விப்பட்டுக் கேட்டு வந்தது மாலத்தீவின் ஒரு சின்னத் தீவு. அங்கே ஹவ்வாவும் எட்டுப் பெண்களும் மாசிக்கருவாடு போடுகிறார்கள். சூரை மீனை அவித்து, தென்னை விறகுப் புகையில் நாள் கணக்கில் வாட்ட வேண்டும். விறகு வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. புகையில் நின்று நின்று ஹவ்வாவின் அக்காவுக்கு ஒரு கண் மங்கிப்போயிற்று. ஆகவே மூன்று நாட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். பெட்டியைச் செய்வது தூத்துக்குடி. தட்டுக்கு வலை பின்னுவதும் பேச்சை இரண்டு பக்கமும் கொண்டுபோவதும் மன்னார். ஈரக்காற்றில் வைத்துப் பார்த்துச் சொல்வது தீவு. பெரிய நாட்டு நிபுணர் என்று நடுவில் ஒருவரும் கிடையாது. அவரவர் கடலில் அவரவர் அறிந்ததுதான் முதல்.

ஜனவரியில் நாலு பெட்டி போயிற்று. இப்போது மே மாதம், பன்னிரண்டு தயார். ‘அனுப்பு’ என்று ஹவ்வா ஒரு வார்த்தை சொன்னால் வியாழக்கிழமை மாலேக்குச் சரக்கு ஏற்றும் சிலுவை தண்டலின் தோணியில் ஏறிவிடும். அதுதான் கடைசி நடை. அப்புறம் தோணி ஓட்டம் நின்று செப்டம்பரில்தான் தொடங்கும். ஆனால் தீவில் மழையும் புகையும் கொடுமையாக இருப்பது அந்த நாலு மாதம்தான். வியாழக்கிழமையை விட்டால் இந்த வருஷமும் அந்தப் பெண்கள் புகையில்தான் நிற்க வேண்டும்.

“உப்புக் கூடிப்போச்சோ?” என்றான் பவுல்.

“மாசிக்கு உப்பு எங்கலே போடுதாங்க? சும்மா இரு.”

ஜெபசெல்வி சாத்தான்குளம் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எந்தக் காரியமானாலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினால்தான் அவளுக்கு மனசு ஆறும்; அதனாலேயே ‘டீச்சர்’ என்று பெயர். பெட்டிகளோடு அவள் அனுப்பிய குறிப்பிலும் பதினான்கு எண்கள் இருந்தன. இப்போதும் ஒன்பது கேள்விகள் எழுதி அல்போன்சாவுக்கு அனுப்பினாள். கண்ணாடி இடுக்கில் தண்ணீர் இறங்குகிறதா, தட்டில் மீனை நெருக்கி அடுக்குகிறார்களா, இப்படி.

மதியம் பதிலுக்குப் படங்கள் வந்தன. ஹவ்வாவின் நோட்டுப் புத்தகம், முப்பத்தொரு பக்கம். தேதி, பெட்டியின் எண், காலையில் மீனின் எடை, மாலையில் எடை. நூற்றுச் சொச்சம் நாளில் ஒரு நாள்கூட விடவில்லை. மழை பெய்த நாளில் ஓரத்தில் மூன்று கோடு. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் எல்லோருக்கும் பொதுதானே! ஜெபசெல்வி சோற்றை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இருந்தவள், “யம்மா, இவ நம்மளத் தூக்கிச் சாப்பிட்டுட்டாளே” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் கணக்கு விசித்திரமாக இருந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை மூன்றாம் பெட்டி மட்டும் அருமையாகக் காய்ந்தது. அதற்குப் பிறகு அதுவும் கெட்டு, அதுவரை கெட்டிருந்த ஒன்றாம் பெட்டி நன்றாகிவிட்டது. கெட்ட பெட்டி கெட்டதாகத்தானே இருக்க வேண்டும்? முறை வைத்தா கெடும்?

சரக்கு வராமல் போகலாம் என்று சிலுவையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சாயங்காலம் பழைய துறைமுகத்துக்குப் போனாள். தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. சிலுவை தண்டல் முப்பது வருஷமாக மாலேக்குத் தோணி ஓட்டுகிறவர்.

“என்ன டீச்சர், மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?”

அவள் நடந்ததைச் சொல்லித் தீவிலிருந்து வந்த மற்றப் படங்களையும் காட்டினாள். நாலு பெட்டியும் நாலு இடத்தில் கடற்கரை மணலில் நின்றன. சிலுவை போனைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நாலும் கடலுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கி! யாரு இப்படி வைக்கச் சொன்னது?”

ஜெபசெல்விக்குச் சுருக்கென்றது. ஏழாவது குறிப்பு. ‘பெட்டியின் காற்று வாய் எப்போதும் கரையைப் பார்த்து இருக்க வேண்டும்.’

“நீங்க எங்கன இருந்து எழுதுனீய? நம்ம ஊருல கடலு கிழக்கே, கரை மேற்கே. கச்சான் காத்து கரையில இருந்து காஞ்சு வரும். சரிதான். தீவுக்காரிகிட்டப் போயி கரையப் பாத்து வையின்னா அவ எங்க போவா? அவளுக்குச் சுத்திலும் கடலு, நடுவுல கரை. கிழக்குப் பக்கம் வச்ச பெட்டி மேற்கப் பாக்கும், மேற்குப் பக்கம் வச்சது கிழக்கப் பாக்கும். போன மாசம் வரைக்கும் அங்க வடகிழக்கு வாடை, இப்பக் கச்சான். காத்து எந்த வாயில புகுதோ அந்தப் பெட்டிதான காயும்?”

“அண்ணாச்சி, சிரிக்காதீங்க. நாலு மாச மீனு போச்சு.”

“சிரிக்காம? பதினாலு பாயிண்டு எழுதுன ஆளு, காத்துன்னு ஒரு வார்த்த எழுதல பாரேன்!”

அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அல்போன்சாவையும் ஹவ்வாவையும் வீடியோவில் கூப்பிட்டாள். நாற்பது வயதிருக்கும் ஹவ்வாவுக்கு. தலைத்துணிக்குள் ஒடுங்கிய முகம், வெட்கச் சிரிப்பு.

“அல்போன்சா, தப்பு என்னுதுன்னு மொதல்ல சொல்லு. பெட்டி கரையப் பாக்க வேண்டாம், காத்தப் பாக்கணும். நான் தப்பா எழுதிட்டேன்.”

அல்போன்சா சொன்னாள். ஹவ்வா வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ வேகமாகப் பேசினாள்.

“அக்கா, அவவுக்கு அது ஒரு மாசத்துக்கு முன்னமே விளங்கிட்டுதாம். கச்சான் தொடங்கினோடன எடை மாறினதைக் கண்டவவாம். காத்தைச் சொல்லுறன், நாங்கள் கொறிக்கிற கச்சான் கடலையை இல்ல.”

“வெளங்கிச்சுன்னா பெட்டியத் திருப்ப வேண்டியதுதான?”

“குறிப்பில ‘எப்போதும்’ எண்டு கிடக்காம். செய்தவையைக் கேளாமல் திருப்பிறது மரியாதை இல்லையாம். அதுதான் மூண்டு பெட்டி சரியில்லை எண்டு சொல்லி, நீங்கள் கேட்பியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தவவாம்.”

ஹவ்வா போனை எடுத்துக்கொண்டு வீட்டுப் பின்புறம் போனாள். அங்கே ஒரு தென்னங்கட்டையை இடுப்பளவுக்கு நட்டு, நடுவில் ஒரு கம்பி செருகியிருந்தாள். அதன்மேல் பெட்டியின் நீள அகலத்தில் ஒரு வெற்றுப் பலகை. திருகையைச் சுற்றுவதுபோல ஒரு விரலால் சுற்றிக் காட்டினாள். பெட்டிக்குப் பதில் பலகையை வைத்துப் பழகிப் பார்த்திருக்கிறாள். ‘சரி’ என்ற சொல்லுக்காகத்தான் அத்தனை நாளும் காத்திருந்தது.

“எங்க ரெண்டு வருஷ மூளையில இது ஏறலையே” என்றாள் ஜெபசெல்வி. “பெட்டிய இப்பவே கட்டைமேல ஏத்தச் சொல்லு, அல்போன்சா. பன்னெண்டையும் அனுப்பலாமான்னு கேளு.”

ஹவ்வா பதிலுக்குக் கேட்டது, வேம்பாரில் வாடைக் காலத்தில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று. ஜெபசெல்வி உள்ளதைச் சொன்னாள். வாடையில் மீன் சரியாகக் காயாது. அந்த மூன்று மாதம் பெண்கள் பெட்டிக்குள் விறகு அடுக்கிவைப்பார்கள். பருவத்தின் குணம் என்று விட்டுவிட்டார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்ததே கிடையாது.

“அப்ப பத்துப் போதுமாம், அக்கா. ரெண்டை வேம்பாரில கட்டைமேல வைக்கட்டாம். கச்சானிலயும் வாடையிலயும் எடை எழுதி அனுப்பட்டாம். தங்கட தீவில எழுதினதை நீங்கள் வாசிச்ச மாதிரி, உங்கட கரையில எழுதுறதை அவ வாசிக்கோணுமாம். அதுக்கு ஓம் எண்டா அனுப்பட்டாம்.”

“ஓம்னு சொல்லு,” என்றார் சிலுவை, யாரும் தன்னைக் கேட்காமலேயே.

செவ்வாயும் புதனும் பட்டறையில் ஓயாத சத்தம். பெட்டிகளின் நாலு காலையும் எடுத்துவிட்டு, அடியில் துளையிட்ட பட்டை பொருத்த வேண்டும்.

“ஏ டீச்சர், நாப்பத்தெட்டு காலு. வச்சதும் நானு, அறுக்குததும் நானா?” என்று பவுல் புலம்பிக்கொண்டே அறுத்தான். வியாழன் விடியுமுன் முடித்துவிட்டான்.

வியாழக்கிழமை மதியம் பத்துப் பெட்டியும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் வைக்கோல் மெத்தையில் ஏறின. தோணி புறப்பட்டதை ஜெபசெல்வி பார்க்கவில்லை. அந்த நேரம் அவள் மற்ற இரண்டு பெட்டியோடு மினி லாரியில் வேம்பாருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அங்கே ஞானபாயும் மற்றப் பெண்களும் கட்டை நட்டு வைத்திருந்தார்கள். ஞானபாய் ஒரு பெட்டியைக் கம்பியில் இறக்கி, கச்சானுக்கு நேராகத் திருப்பினாள். காற்று புகுந்து குழாய் ‘ஊ’ என்று ஊதியது.

“ஏளா, வாடைக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே. இப்பமே ஏன் எழுதணும்?”

“அவ மொத நாள்லயிருந்து எழுதுனா, அக்கா.”

ஞானபாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சாளை மீன் நிறைந்த தட்டைத் தராசில் வைத்தாள்.

“நாலு கிலோ முந்நூறு. எழுது. அந்தப் பிள்ளைக்கு வெளங்குத மாதிரி எழுது.”