பின்சீட்டுல ஒரு புலி

“புலி எங்க?”

“எந்தப் புலி?”

“நம்ம வீட்டுல எத்தனை புலி கட்டி வளர்க்கிறோம், எலோய்? கல்யாணத்துக்கு என் அண்ணன் எல்லை தாண்டி ஹுவாரெஸ்லேர்ந்து தோள்ல சுமந்துட்டு வந்தானே, அந்தப் போர்வை!”

எஸ்பனோலா ஊர்ல புலிப் படம் போட்ட போர்வை இல்லாத வீடே கிடையாது. ஆனா எலோய் பொண்டாட்டி செலஸ்டினாவுக்கு அது வெறும் போர்வை இல்ல, பொறந்த வீடு. அவ கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடிட்டிருந்த நேரம், புலி கொட்டகையில பிசின் குடிச்சுக் கல்லா கெடந்துச்சு.

விஷயம் இதுதான். ஈஸ்டர் ஞாயிறு ஊரே காரைச் சிங்காரிச்சு எடுத்துட்டு ரிவர்சைடு ரோட்டுல ஊர்ந்து போகும். எலோயோட பழைய கட்லஸ் கார் வெளியில திராட்சைப்பழம் மாதிரி மின்னும். உள்ளே, குடைஞ்ச பூசணி. இந்த வருஷம் பின்சீட்டுப் பக்கச்சுவரைத் தானே ஃபைபர்கிளாஸ்ல செஞ்சு ஸ்பீக்கர் வைக்கணும்னு கிளம்பிட்டான். அரைக்கிழவன், அதுவும் முதல் தடவை.

மரத்துல சட்டம் அடிச்சு, ஸ்பீக்கருக்கு ஒரு வளையம் நிறுத்தி, மேல துணியை மத்தளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டிப் பிசின் தடவணும். காஞ்சதும் பின்பக்கமா கண்ணாடி இழையை வச்சு மறுபடி பிசின். துணி வாங்கப் போனா, அன்னிக்குப் புனித வெள்ளி, கடைக்காரம்மா கடையைச் சாத்திட்டு சிமாயோ கோயிலுக்கு யாத்திரையா நடந்து போயாச்சு. கைக்குக் கிடைச்சது புலி. படத்தை உள்பக்கமாத் திருப்பிட்டா தெரியாது, மேல பெயிண்ட் அடிச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சான். அந்தப் போர்வைக்கு ரெண்டு பக்கமும் புலி! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுக்கு அடியில தூங்கின மனுஷனுக்கு அது ஞாபகம் வரல.

சனிக்கிழமை செலஸ்டினா வாசனை பிடிச்சே கொட்டகைக்கு வந்துட்டா. புலி நெத்தியில விரலை மடக்கித் தட்டினா. டொக்கு டொக்குன்னுச்சு.

“கொன்னுட்டியே, பாவி.”

“செலஸ்டினா, நான் சொல்றதை...”

“நாளைக்கு உன் வண்டியில நான் ஏறமாட்டேன். அண்ணன் வண்டியில போயிக்கிறேன். நீ உன் ஸ்பீக்கரைப் பக்கத்துல உக்கார வச்சுட்டுப் போ.”

எலோய் உப்புத்தாளை எடுத்தான், கீழ வச்சான். அவ பக்கத்துல இல்லாம ரிவர்சைடு ரோட்டுல போறதுக்கு மண் லாரியில போகலாம். புலியைத் தேய்ச்சு அழிக்கவும் மனசு வரல. சரி, செஞ்சதை முடிப்போம்னு வளையத்துக்குள்ள துணியை அறுத்து எடுத்தப்பத்தான் கவனிச்சான். வளையம் நிக்கிறது சரியா புலி வாயில!

வண்டியில மாட்டி, ஒயர் கொடுத்து, பாட்டைப் போட்டான். புலி உறுமுச்சு. சும்மா இல்ல, சமையக்கட்டு ஜன்னல் அதிர்ந்துச்சு. கை நிறைய தமாலே பலகார மாவோட செலஸ்டினா ஓடி வந்தா.

“என்னய்யா அது?”

“உன் பொறந்த வீடுதான். பேசுது.”

அவ எட்டிப் பார்த்தா. உதட்டைக் கடிச்சா. அடக்கிப் பார்த்தா, முடியல. கார் கதவைப் பிடிச்சுட்டுச் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி.

“அடப்பாவி! என் மேல கெடந்தப்பல்லாம் ஒரு நாளும் உறுமலையே இது!”

ஞாயித்துக்கிழமை ஏறினா. ஆனா முன்சீட்டுல இல்ல. பின்னால, புலி கழுத்துல கை போட்டுட்டு, ராணி மாதிரி. முன்னால எலோய் தனியா.

அவ அண்ணன் பக்கத்து வண்டியிலேர்ந்து கத்தினான்: “மச்சான், டாக்ஸி எங்க போகுது?”

“உன் தங்கச்சி எங்க சொல்றாளோ அங்க!”

எலோய் மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு.

ஒரே ஒரு குறை. கடைசியாக் கலக்கின பிசின்ல ஹார்டனர், அதான் இறுக வைக்கிற மருந்து, கம்மியாப் போச்சு. புலியோட இடது காது இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. ஊர்வலம் முடிஞ்சு இறங்கறப்போ செலஸ்டினாவோட புதுச்சட்டை அதுல ஒட்டிக்கிச்சு. அன்னிக்குச் சிரிச்சுட்டா. அடுத்த தடவையும் சிரிப்பாளான்னு எலோய்க்குப் பயம். அசிட்டோன் வச்சுத் துடைச்சுட்டு மறுபடி பூசணுமா, இல்ல வெயில்ல விட்டாலே இறுகிடுமா? புலி நிறம் மட்டும் போகக்கூடாது. செஞ்சு பார்த்தவங்க யாராவது இருந்தா, தயவுசெஞ்சு கீழ பதில் போடுங்க.