எந்தச் சிவப்பு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைக்கவில்லை, அக்கா எழுதச் சொன்னாள். இன்று பிற்பகல் பேருந்தில் திரும்பி வரும்போது, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நடந்ததை எழுதி வை. ஆனா உன் ஜோடனை எல்லாம் வேணாம்" என்றாள். ஜோடனை என்று அவள் சொல்வது என் எழுத்து முழுவதையும்தான்.

வந்ததும் உட்கார்ந்து மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"கடல் அன்று ஒரு பழைய பகையை மறந்துவிட்டதைப் போல—" (வேண்டாம். கடலுக்கு யாரோடும் பகை இல்லை.)

"அவள் ஓர் ஓவியர். அவள் விரல்நுனிகளில் எப்போதும்—" (இதுவும் வேண்டாம். அக்கா ஓவியர் இல்லை, பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவள். ஓவியர் என்றால் கதைக்கு எடுப்பாக இருக்குமே என்ற சபலத்தில் பதவி உயர்வு கொடுத்துப் பார்த்தேன்.)

"ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் நானும் பாறைக்கரையைப் பார்க்கப் போனோம், அவளுடைய கண்ணைச் சோதிப்பதற்காக." (இது இருக்கட்டும்.)

அக்காவின் வேலை இதுதான். சுவரில் காரை பெயர்ந்த துண்டு ஒன்றை யாராவது காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார்கள். இதே நிறம் வேண்டும் என்பார்கள். கடையில் அதற்கு இயந்திரம் உண்டு. ஆனால் பழைய சுவர், வெயிலில் வெளுத்தது, புகை படிந்தது என்றால் இயந்திரம் கையை விரித்துவிடும். அப்போது அக்காவைக் கூப்பிடுவார்கள். அவள் துண்டை வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பாள், பிறகு கலக்குவாள்.

போன மாதம் அவள் கலந்து கொடுத்த பெயிண்டை ஒரு வீட்டுக்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். விரிசலை அடைத்துப் பூசிய இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது என்றார். வெளிச்சத்தின் கோளாறு என்று அக்கா சொல்லி அனுப்பிவிட்டாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனாள். முதலில் நிறம் மங்கும், சிவப்பும் பச்சையும் முன்னால் போகும், அப்புறம் பார்வையின் நடுப்பகுதி என்றாராம் டாக்டர். எப்போது என்று கேட்டதற்கு, சிலருக்கு மெதுவாக, சிலருக்கு ஏற்கெனவே என்றாராம்.

நாளை திங்கட்கிழமை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுச் சுவர்கள் முழுவதற்கும் பழைய நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி அவள் கலந்து கொடுக்க வேண்டும். கலக்கலாமா, இல்லை முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்பதை அதற்குள் அவள் முடிவு செய்தாக வேண்டும். இந்தக் கதையில் வேறு சிக்கல் எதுவும் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமே என்றேன். "வீட்டுல இருக்கிறது எல்லாம் எனக்கு மனப்பாடம்டா. நான் பாக்காத இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள். இந்தப் பாதுகாக்கப்பட்ட பாறைக்கரையைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். அங்கே விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. நுழைவாயிலில் ஒரு மடிப்புத்தாள் கொடுப்பார்கள். எண் போட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நாமே நடந்துகொள்ள வேண்டும். விளக்குகிறவர் கூட வந்தால் நிறத்தின் பெயர் காதில் விழுந்துவிடும் என்பது அவள் கணக்கு.

கவுண்டரில் இருந்த பெண் இரண்டு விஷயம் சொன்னார். கல்லோ சிப்பியோ எதையும் எடுத்துப் போகக்கூடாது. கடல் ஏறுவதற்குள் நான்காம் கம்பத்தைத் தாண்டிவிட வேண்டும். மடிப்புத்தாளை நான் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கம்பங்கள் ஆறு, முதலாவது இந்த நுழைவாயிலில்தான். அதனால் இந்தக் கதைக்கும் ஆறு பகுதிகள்.

2

ஒப்பந்தம் இதுதான்: கம்பத்துக்குக் கம்பம் அக்கா ஒரு நிறம் சொல்வாள். நான் சரி அல்லது தப்பு என்று மட்டும் சொல்ல வேண்டும். "நீதானே தப்பைத் தப்புன்னு சொல்லிச் சம்பளம் வாங்கறவன்" என்றாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கும்போது நான் தயங்கியதே இல்லை.

இரண்டாம் கம்பத்தருகே பாறை முழுக்கப் பொருக்குப் பொருக்காக ஏதோ அப்பியிருந்தது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற உயிர் என்றது தாள். அக்கா முகத்தை மிக அருகில் கொண்டுபோனாள்.

"மஞ்சள். எலுமிச்சை இல்ல, கொஞ்சம் காவி விழுந்திருக்கு."

சரி என்றேன். அவள் நடை வேகமானது. (அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது என்று எழுதியிருந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, எல்லோர் முகத்திலும்தான் வெளிச்சம் இருந்தது.)

3

மூன்றாம் கம்பத்துக்கு எதிரே, தண்ணீர் சூழ்ந்த பாறையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. கறுப்பு என்றாள். சரி என்றேன். அவற்றின் கழுத்தில் ஒரு பச்சை மினுமினுப்பு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேள்வி அதுவாக இல்லை.

[ஓரக்குறிப்பு: முதல் வரைவில் அக்காவுக்கு ஒரு கணவனும் ஒரு பழைய காதலும் கொடுத்திருந்தேன். கணவன் அவள் கையைப் பிடித்துப் பாறையில் ஏற்றினான். அவளுக்கு இரண்டுமே இல்லை. பாறையில் ஏறும்போது அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது.]

4

நான்காம் கம்பம் பாறைக் குட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது. கடல் இறங்கும்போது பள்ளங்களில் விட்டுப்போன தண்ணீர்தான் குட்டை. ஒரு நண்டுக்குஞ்சு எங்கள் நிழலைப் பார்த்ததும் இடுக்கில் புகுந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். கையைவிட்டு அடியில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லை எடுத்தாள்.

"சாம்பல்" என்றாள்.

அது சிவப்பு.

(இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. அதில் என் நெஞ்சு என்னென்னவோ செய்தது. எடுத்துவிட்டேன்.)

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தாள். "இரு, சொல்லாத. ஈரமா இருக்கு. காயட்டும்."

கடையிலும் அப்படித்தான். கலந்து முடித்ததும் குச்சியில் தொட்டு ஓர் அட்டையில் தீற்றுவாள். அது காய்கிற வரைக்கும் டப்பாவை மூட விடமாட்டாள். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், ஈரத்தில் தெரிகிறது நிறமில்லை, போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பாள். இப்போது அந்தக் கல்லை வெயில் விழுந்த பாறைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தக் கல் காய்கிற நேரம்தான் இந்தக் கதை. மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்கான வழி.

அவ்வளவு நேரத்துக்குள் நான் மூன்று பதில்கள் தயாரித்தேன். ஒன்று, "சரிக்கா." நாளைக்கு அவள் தைரியமாகப் போய்க் கலப்பாள். படிக்கட்டு முழுக்கத் தப்பான நிறம் ஏறும், ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள், அவள் மட்டும் பார்க்கமாட்டாள். இரண்டு, "எனக்கே சரியாத் தெரியலக்கா." இது கோழையின் பதில், மூன்றிலும் சரளமாக வந்தது இதுதான். மூன்றாவது எது என்று உங்களுக்குத் தெரியும்.

(ஒரு வரைவில் தம்பியை, அதாவது என்னை, பொய் சொல்லவைத்தேன். அது நல்ல கதையாகவும் இருந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்ட முடியாது என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை.)

கல் விளிம்பிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. காய்ந்த இடமெல்லாம் சிவப்பு வெளிறியது. கீழே குட்டையில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கல்லைக் கையில் எடுத்தாள். நேராகப் பார்த்தாள், தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்தாள், நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இப்பவும் சாம்பல்தான். சொல்லு."

"சிவப்புக்கா."

வாடிக்கையாளரின் புகாரைக் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினாள். பிறகு, "எந்தச் சிவப்பு?" என்றாள்.

"நல்ல சிவப்பு." (எழுத்தையே தொழிலாக நினைக்கிற ஒருவன் சொன்னது இது.)

அவள் காத்திருந்தாள். செங்கல் மாதிரி என்றேன். ரத்தம் உறைந்தால் வருமே, அந்த மாதிரி என்றேன். எனக்கே எதுவும் ஒட்டவில்லை.

"அதெல்லாம் பேருடா. பேரை வெச்சு நான் என்ன கலக்கறது? உத்துப் பாரு. உள்ள மஞ்சள் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். அந்தக் கல்லை நான் அதுவரை பார்க்கவே இல்லை, சிவப்பு என்று படித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன்.

"இருக்கு. ஓரத்துல மட்டும்."

"கறுப்பு?"

"கறுப்பு இல்ல. பழுப்பு. புள்ளி புள்ளியா."

"வெள்ளை?"

"காஞ்ச இடத்துல நிறைய."

கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை, இல்லாத ஒரு கலக்குகிற குச்சியைப் பிடித்திருப்பதுபோல மெல்லச் சுழன்றது.

"பல் டாக்டர் வீட்டு மாடிச் சுவருக்குக் கலந்தேனே, அது. அதுல வெள்ளை இன்னும் ஒரு கரண்டி." கண்ணைத் திறக்காமலே, "இப்ப தெரியுது" என்றாள். "சரியா?"

"நான் அந்தச் சுவரைப் பாத்ததில்லக்கா."

அவள் சிரித்தாள். இன்று முழுவதும் சிரித்தது அந்த ஒருமுறைதான். "அப்ப ரெண்டு பேரும் சமம்" என்றாள்.

கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அதற்குள் தண்ணீர் அவள் முழங்கைவரை நனைத்தது.

5

ஐந்தாம் கம்பம் இல்லை. கடல் கொண்டுபோயிருக்க வேண்டும். பாறையில் அது நின்ற துளை மட்டும் இருந்தது. அந்த இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது, ஆனால் எந்தப் பாறையைச் சொல்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

இந்தப் பகுதியில் அக்காவின் மனதுக்குள் புகுந்து ஒரு பக்கம் எழுதினேன். அங்கே எனக்கு வேலை இல்லை. வெளியே வந்துவிட்டேன்.

வெளியே நடந்தது இவ்வளவுதான். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். அவள் அழுதாள் என்று எழுதினால் நம்புவீர்கள். அவள் அழவில்லை. அழுதது நான். முகத்தில் உப்புத்தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வழி பார்த்துக் கூட்டிப்போன கண்கள் அவை. அதற்குமேல் இதை அழகாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பாறை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த வீட்டுக்காரர் சுவரு. அது வெளிச்சம் இல்லடா."

6

ஆறாம் கம்பத்தில் ஒரு பெஞ்சு. எதிரே கடல். நீலம் என்றாள், அதில் எங்கெங்கே அழுத்தம், எங்கெங்கே வெளுப்பு என்றும் சொன்னாள். எல்லாம் சரி. நீலம் இன்னும் அவளிடம் இருக்கிறது.

இனி முடிவு. கைவசம் இருப்பவை:

அ. நாளைக் காலை அவள் முதலாளியிடம் சொல்கிறாள். அவர் நல்ல மனிதர், அவளை பில் போடுகிற இடத்தில் உட்காரவைக்கிறார்.

ஆ. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கடைக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மஞ்சள் இருக்கா, வெள்ளை எவ்வளவு என்று கேட்டுக் கேட்டே கலக்கிவிடுகிறாள். நிறம் பொருந்திவிடுகிறது. இந்தமுறை.

இ. டாக்டர் சொன்னது தப்பு என்று— (இதை எழுதக் கை வரவில்லை.)

இப்போது ஞாயிறு மாலை. அக்கா அடுத்த அறையில் நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய கடைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். அதில் எத்தனையோ சுவர்களின் சொட்டுகள் உண்டு. எது எந்த வீடு என்று அவளுக்குத் தெரியும். எழுதியவரைக்கும் வாசி என்றாள். கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு வாசித்தேன்.

பழைய காதலுக்கு, யார் அவன் என்று விசாரித்தாள். முதல் முடிவுக்கு மட்டும், "பில்லுல இருக்கிற பொடி எழுத்து எனக்கு எப்படித் தெரியும்? யோசிச்சு எழுது" என்றாள். நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். அது உன் கதையில் இல்லை என்றாள். சரிதான். திங்கட்கிழமை அவளுடையது, அதை நான் எழுதமாட்டேன்.

நான்காம் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். "அது சிவப்பு" என்ற வரி வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நிறுத்து. படிக்கிறவங்களுக்கு அது எந்தச் சிவப்புன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாதுக்கா. அவங்களா ஒண்ணை நினைச்சுப்பாங்க."

"பாக்காமலேயா?"

"பாக்காமலேதான்."

கோட்டின் கையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு, "எல்லாருமே அப்படித்தானா?" என்று கேட்டாள். எல்லாருமே அப்படித்தான் என்றேன். "சரி, அப்ப அவங்களையே கேளு" என்றாள்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். அந்தக் கல்லை நீங்கள் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த வரியைப் படித்தபோது உங்களுக்கு ஒரு சிவப்பு தெரிந்தது. பெயர் வேண்டாம். அதில் மஞ்சள் இருந்ததா? கறுப்பு விழுந்திருந்ததா? காய்ந்த பிறகு வெள்ளை எவ்வளவு?

அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள். அக்கா அடுத்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய வலது கை இப்போதே மெல்லச் சுழலத் தொடங்கிவிட்டது.