பச்சைச் சால்வை அம்மாளின் கார்ட்டன்

1

இந்தக் கதை ஒரு வரிசையில் நின்றபோது எனக்குக் கிடைத்தது. அப்படித்தான் தொடங்கப் போகிறேன். இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் கப்பல் பயணம். முதல் நாள் பிற்பகல். துறைமுகத்தில் நிற்கும்வரை கப்பலின் வரியில்லாக் கடை மூடியே கிடக்கும். கரை கண்ணை விட்டு மறைந்து, கப்பல் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீருக்கு வந்த பிறகுதான் திறப்பார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் ஜனம் ஓடியது. நானும் ஓடினேன். (வேகமாக நடந்தேன். ஓட எனக்கு அனுமதியில்லை.)

முதல் வரிக்கு இரண்டு யோசனைகள் இருந்தன.

"கடல் அமைதியாக இருந்தது." [கப்பல் கதை என்றால் கடல் ஒன்று அமைதியாக இருக்கும், இல்லாவிட்டால் கொந்தளிக்கும். அடித்தாயிற்று.]

"பச்சைச் சால்வை போர்த்திய அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, 'தம்பி, நீங்க சிகரெட் வாங்கறீங்களா?' என்று கேட்டபோது—" [இது பரவாயில்லை. இருக்கட்டும்.]

2

அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.* கையில் கேபின் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு கார்ட்டன், அதாவது பத்து பாக்கெட் கொண்ட ஒரு பெட்டி, அதற்கு மேல் தரமாட்டார்கள்.

"உங்க அட்டைல எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்களேன். என்னோடதுல ஒண்ணு வாங்கிட்டேன். எங்க வீட்டுக்காரரும் ஊதுவார், அவர் தம்பியும் ஊதுவார். ஒருத்தருக்கு மட்டும் வாங்கிட்டுப் போனா இன்னொருத்தர் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பார்."

"அவங்களே வந்திருக்கலாமே?"

"கப்பல்னா அவங்களுக்குத் தலை சுத்தும் தம்பி. புகை மட்டும் சுத்தாது."

எனக்கு இங்கேதான் சந்தேகம் வருகிறது. முன்பின் தெரியாதவனிடம் யார் இவ்வளவு கணக்காகப் பேசுவார்கள்? கணவர், கணவரின் தம்பி, மூஞ்சி, தலைசுற்றல் என்று எல்லாம் ஒழுங்காக வந்து விழுகின்றன. உண்மையான மனிதர்கள் இவ்வளவு காரணம் சொல்வதில்லை. பொய் சொல்கிறவன்தான் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் வைத்திருப்பான்.

[இந்தப் பகுதியை வெட்டச் சொல்லி ஒரு யோசனை வந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்பது பிறகு.]

* அந்தக் கயிறு என் அலுவலகக் கணக்கருடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

3

சரி. அப்படி ஓர் அம்மாள் என்னிடம் பேசவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்ட்டனை எனக்காக நானேதான் வாங்கினேன்.

பதினோரு மாதத்துக்கு முன் என் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்ற கம்பிச் சுருளை வைத்த டாக்டர், "இனிமே ஒண்ணு பிடிச்சாலும் என்கிட்ட வராதீங்க" என்றார். அன்றோடு விட்டேன். பல் டாக்டரான என் மகள் அதற்குப் பரிசாக எனக்கும் என் மனைவிக்கும் இந்தக் கப்பல் டிக்கெட்டை வாங்கித் தந்தாள். சிகரெட்டை விட்டதற்குக் கிடைத்த பயணத்தில் நான் முதல் வேலையாகப் போய் நின்ற இடம் சிகரெட் கடை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

காரணம் உண்டு. சப்பைக்கட்டு என்றாலும் சரி. நான் பகலில் லிஃப்ட் பரிசோதகன். கம்பி வடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கதவு எத்தனை நொடியில் மூடுகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது பிழைப்பு. காலையில் வேலைக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் கதை எழுதுவேன். இருபத்தாறு வருஷம் எழுதினேன். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து ஒரு வரிகூட ஓடவில்லை. மேசையில் உட்காருவேன், கை தானாகச் சட்டைப்பையைத் தடவும், எழுந்துவிடுவேன். உயிர் பெரிதா கதை பெரிதா என்று நாலு பேர் நடுவில் கேட்டால் உயிர்தான் என்பேன். தனியாக இருக்கும்போது கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

அன்று மனைவி மேல்தளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கடையில். கார்ட்டனை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்ப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவது என்பது திட்டம். கடைக்காரர் அட்டையைத் தேய்த்தார், ரசீதைக் கொடுத்தார், அடுத்தவரைக் கூப்பிட்டார்.

"பொருள் எங்கங்க?"

"இப்பக் கைக்கு வராது சார். சீல் வெச்ச பையில போட்டு, கடைசி நாள் சாயங்காலம் கேபினுக்கே வந்துடும். கதவைத் தட்டிக் குடுப்பாங்க. நீங்க அலையவே வேணாம்."

எனக்கு நல்ல சேதி சொன்னதாக அவருக்கு நினைப்பு. அங்கேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பின்னால் நின்றவர்கள் "நகருங்க" என்றார்கள். நகர்ந்தேன்.

4

கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் நான் கட்டிலில் சுருண்டு படுத்தேன்.

"வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீ போய்ச் சாப்பிட்டு வா."

"உங்கள இப்படி விட்டுட்டு எனக்கு மட்டும் தொண்டைல இறங்குமா?" என்றவள், கீழே போய் எனக்கு ரொட்டியும் சூப்பும் வாங்கிக்கொண்டு பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டாள். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தவும் அது தட்டப்படவும் சரியாக இருந்தது.

அவள்தான் திறந்தாள். அறைகளைக் கவனித்துக்கொள்கிற ஊழியர் சிரித்தபடி பையை நீட்டினார். என் மனைவி பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். அச்சடித்த எது கையில் வந்தாலும் கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் நிமிர்வாள். கண்ணாடி மாதிரித் தெரியும் பை. உள்ளே கார்ட்டன். மேலே என் பெயர், கேபின் எண். கார்ட்டன் மேல் புகைபிடித்தால் என்னென்ன வரும் என்ற எச்சரிக்கை. அதையும் முழுக்கப் படித்தாள்.

"இது யாருக்குங்க?"

அந்த நொடியில்தான் பச்சைச் சால்வை அம்மாள் பிறந்தார். பச்சைச் சால்வையில் தொடங்கி இரண்டாம் பகுதியில் நீங்கள் படித்தது மொத்தத்தையும், வீட்டுக்காரர், தம்பி, மூஞ்சி, தலைசுற்றல் உட்பட, ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"அப்படியா? அப்ப அவங்க வந்து வாங்கிப்பாங்க இல்ல?"

"வருவாங்க."

"நம்ம கேபின் நம்பர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் போர்வையை மடித்தாள். நாற்காலியில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துவிட்டு அதைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டாள். தலைவாரிக்கொண்டாள். வருகிறவர் முன்னால் அலங்கோலமாக இருக்கக் கூடாதே. பிறகு கட்டில் ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் எழுதிய எந்தப் பாத்திரத்துக்கும் யாரும் இப்படி நாற்காலி ஒழித்து வைத்ததில்லை.

வெளியே நடைபாதையில் ஒவ்வொரு காலடிக்கும் இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.*

"அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரே பையன். தூரத்துல வேலை."

"பாவம். கப்பலுக்குத் தனியாவா வந்திருக்காங்க?"

"தங்கச்சியோட."

கேட்கக் கேட்க அந்த அம்மாளுக்குச் சதை பிடித்துக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில், இவர் ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்கே கவலையாகிவிட்டது. பதினோரு மாதத்தில் நான் உண்டாக்கிய முதல் பாத்திரம். அதுவும் புகையில்லாமல். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

* நடைபாதைக் கம்பளத்தில் மீன் படம் போட்டிருக்கும். எல்லா மீனும் கப்பலின் முன்பக்கம் பார்த்தே நீந்தும், வழி தவறாமலிருக்க. இந்தக் கதைக்கும் அப்படி ஏதாவது செய்யலாமா என்று—

5

மறுநாள் காலை இறங்கும் வரிசை. பை அவள் கையில்.

"அதோ பாருங்க, உங்க பச்சைச் சால்வை அம்மா! வாங்க, குடுத்துடலாம்."

உண்மையாகவே நின்றிருந்தார். பச்சைச் சால்வை, நரைத்த தலை. மூன்று நாளாக லிஃப்டில் பார்த்த முகம். சால்வையை அவரிடமிருந்துதான் எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

"இவங்க இல்ல" என்றேன்.

குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில் அப்படிச் சொன்னதாக முந்தைய பிரதிகளில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மை. பையை நீட்டியிருந்தால் அந்த அம்மாள் திருதிருவென்று விழித்திருப்பார், நான் அசடு வழிந்திருப்பேன், அதோடு போயிருக்கும். பை தொலைந்திருக்கும். ஆனால் என் மனைவி ஓரடி எடுத்து வைத்ததும் என் கை நீண்டு பையின் காதைப் பிடித்துக்கொண்டது. கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"சரி, நானே வெச்சிருக்கேன். தேடி வந்தாக் குடுத்துக்கலாம்."

வீடுவரை அவளே சுமந்து வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராகப் போய்ப் பையை என் எழுத்து மேசையில், பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் அன்றே பிரித்திருப்பேன்.

6

இரண்டு நாள் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், பிரிக்கும் முன் இந்தக் கேவலத்தையாவது எழுதிவிடுவோம் என்று தொடங்கினேன். ஓடியது. எனக்கு நம்பிக்கையில்லை, பதினோரு மாதம் கழித்து ஓடுவது எதுவும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். அதனால் எனக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். கதை தேறினால் பை குப்பைக்கு. தேறாவிட்டால் பிரித்துவிடுவது, பிறகு உடம்பு பட்ட பாடு.

தேறுமா தேறாதா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். என் எல்லாக் கதைகளையும் முதலில் படிப்பவள் அவள். ஒருமுறைகூட எனக்காகப் பொய் சொன்னதில்லை. ஒப்பந்தத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

பென்சிலும் கையுமாகச் சமையலறையில் நின்றபடியே படித்தாள்.

"ரெண்டாவது பகுதிய எடுத்துடுங்க. இல்லாத அம்மாவுக்கு இவ்ளோ எதுக்கு? நாலு சந்திப்பிழை, வட்டம் போட்டிருக்கேன்."

"கதை எப்படி?"

"சுமார்."

தாள்களை வாங்கக் கை நீட்டினேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னா பையத் தூக்கிப் போடுவீங்க. சுமார்னு சொன்னாப் பிரிப்பீங்க. என்ன ஏற்பாடுங்க இது? உங்க உசுர என் பென்சில் நுனில கொண்டுவந்து வெச்சிருக்கீங்க."

"நீ உண்மையச் சொல்லு, போதும்."

"உண்மைதான் சொல்றேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. அந்தப் பை வந்த நாள்லேர்ந்து நீங்க தூங்கறப்ப மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆனா கதை சுமார்தான்." தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "முடிவு சரியா வரல. திரும்ப எழுதுங்க. முடியாத கதைய வெச்சுக்கிட்டு எப்படித் தேறும், தேறாதுன்னு சொல்றது?"

அவளைக் கப்பலில் பொய் சொல்லிக் காத்திருக்க வைத்தவன் நான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று சூப் ஆறிப்போனதும் உங்களால்தான் என்றாள்.

7

முடிவுகள்:

அ) பையைக் குப்பையில் போடுகிறேன். மகள் போனில் பாராட்டுகிறாள். [நீதிபோதனை. அடித்தாயிற்று.]

ஆ) பையைப் பிரித்து ஒன்றைப் பற்றவைத்து முதல் இழுப்பிலேயே இருமி— [இருமமாட்டேன். இருபத்தாறு வருஷப் பழக்கம், நன்றாகவே இருக்கும். அதுதான் சிக்கல்.]

இ) கதவு தட்டப்படுகிறது. திறந்தால் பச்சைச் சால்வை. "தம்பி, என் பை—" [இதை எழுதியபோது கண் கலங்கியது. ஏன் என்று தெரியவில்லை. நாலாவது பிரதி இதோடுதான் முடிந்தது.]

நாலாவது பிரதி நன்றாகவே வந்திருந்தது. எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷம் எழுதியவனுக்கு இதுகூடத் தெரியாதா? அவளிடம் கொடுத்தேன். படித்தாள், கடைசித் தாளில் நெடுநேரம் நின்றாள். பிறகு, "முடிவு மட்டும் சரியில்லங்க, இன்னொரு தடவ பாருங்களேன்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். அவளுக்குப் பொய் வராது. வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். பென்சில் ஏற்கெனவே ஊசி மாதிரி இருந்தது.

இந்தப் பை குப்பைக்குப் போனாலும் தெருமுனையில் இன்னொன்று கிடைக்கும், கதை முடியாதவரைதான் நான் எதையும் பிரிக்கமாட்டேன் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். தாள்களை வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

இது ஏழாவது பிரதி. ஒரு பிரதிக்கு ஒரு வாரம் ஆகிறது. பை பேனாக்களுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது, சீல் கலையவில்லை. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் அவள் அதே பதிலைச் சொன்னாள். ஒரு புதுப் பென்சில் பாதியாகிவிட்டது. எட்டாவதுக்கு வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருக்கிறாள். இரண்டாம் பகுதியை நான் வேண்டுமென்றே வெட்டாமல் வைத்திருக்கிறேன், அவள் சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று.

நீங்கள் எங்காவது அவளைச் சந்திக்கலாம். பாடநூல் அச்சகத்தில் மாடி ஜன்னலோரம் இருப்பாள். கதை எப்படி இருந்தது என்று உங்களைக் கேட்பாள். உங்களுக்குப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், தயவுசெய்து, முடிவு மட்டும் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள்.